புதன்கிழமை ஜெபத்தில் சொல்லாத காரியம்

2006-ல் என் வீட்டுக்கடன் மனுவை வங்கி திருப்பி அனுப்பியது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் ஆம்பூரில் வாடகை வீடு மாறி மாறியே சலித்துப்போயிருந்தோம். பைபாஸுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டை விலைக்குப் பார்த்து, ஈஸ்டர் வரை பொறுக்கும்படி வீட்டுக்காரரைக் கேட்டிருந்தோம்.

நான் ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எவ்வளவு இழுத்தால் தோல் கிழியும் என்று பார்ப்பது என் வேலை. மனுவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். ஆனால் ஒன்று என் வரிசையிலேயே இல்லை.

"இது நீங்க வாங்கின கடன் இல்லம்மா, ஜாமீன் போட்ட கடன். அது நிலுவையில இருக்கு. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மேலாளர்.

எங்கள் சபையின் ஸ்டெல்லா அக்கா, வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்க மெஷின் வாங்கியபோது நான் போட்ட கையெழுத்து அது. அவர் கணவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷெட்டை மூடியதும் தவணை நின்றுவிட்டது. அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை பெண்கள் ஜெபத்தில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். பணக்கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "ஒரு காரியத்துக்காக ஜெபிச்சுக்குங்க" என்போம். யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள். வங்கிக்குப் போய்வந்த வாரம் நான் அப்படிச் சொன்னேன். அடுத்து அக்காவும் அதையே சொன்னார். வாரம் வாரம் இப்படியே போனது.

"ஆண்டவரே, அவங்க வாயைத் திறங்க" என்றே ஜெபித்து வந்தேன். ஒரு புதன்கிழமை முழங்காலில் இருக்கும்போது அந்த ஜெபம் வரவில்லை. "என் வாயைத் திறங்க" என்று வந்தது.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன்.

"அக்கா, என் காரியம் இன்னான்னு சொல்லட்டுமா?"

அவர் நிமிரவில்லை. "வேணாம்மா, தெரியும். எனக்கு வந்த நோட்டீஸ்ல உன் பேரும் இருந்துச்சு. என் காரியமும் அதான்."

இருவரும் திரும்ப உள்ளே போனோம். ஜெபத்தை நடத்தும் மேரி டீச்சரிடமும், இன்னும் கிளம்பாமல் இருந்த சகோதரிகளிடமும் அக்காவே எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "அடிப்பாவி, கல்யாண காரியம்னு நெனச்சி இத்தனை வாரமா உனக்கு மாப்பிள்ளை கேட்டுட்டு இருந்தேனே." அக்காவே சிரித்துவிட்டார்.

ஜெபத்துக்கு வரும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மாதச் சீட்டு போட்டு வந்தோம்; அந்த மாதம் அது டீச்சருக்கு விழ வேண்டிய முறை. அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். "நான் வாங்க இருந்த ஃபிரிட்ஜ் கடையை விட்டு எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். அக்கா கடனை முழுதாகக் கட்டினார்.

அதன்பின் செய்ய வேண்டியதை வங்கியில் கேட்டு எழுதிக்கொண்டேன். கடன் முடிந்ததற்குக் கடிதம் வாங்க வேண்டும். என் ஸ்கூட்டி தவணையைத் தேதி தவறாமல் கட்ட வேண்டும். கொஞ்ச காலம் புதுக்கடனும் ஜாமீனும் கூடாது. பிறகு மறுபடி மனு போட வேண்டும்.

ஈஸ்டர் வந்தது. பார்த்து வைத்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று அழுதேன். ஆனாலும் எழுதியதை ஒன்றுவிடாமல் செய்தேன்.

மறுவருடம் கடன் கிடைத்தது. ரயில்வே கேட் பக்கம் இரண்டு அறை வீடு. ரயில் போனால் பாத்திரம் ஆடும். அம்மா அதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறார். ஜன்னல் திரைகளை ஸ்டெல்லா அக்கா அதே மெஷினில் தைத்துக் கொடுத்தார்.

இப்போது புதன்கிழமை ஜெபம் எங்கள் வீட்டில் நடக்கிறது. யாராவது "ஒரு காரியம்" என்று ஆரம்பித்தால், "இன்னா காரியம்?" என்று அக்காதான் முதலில் கேட்கிறார்.

பிரியமானவர்களே, உங்கள் பாரத்தையும் ஆண்டவரிடம் நம்பிச் சொல்லுங்கள். அது அவருக்கு முன்பே தெரியும். பக்கத்தில் முழங்காலில் இருக்கிறவருக்குத்தான் தெரியாது. அவரிடமும் சொல்லிப் பாருங்கள்.