நான் சிரித்த ஒரே படம்

இன்று ஈப்போவில் பல் கிளினிக். மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் போய், தாடை எலும்பில் திருகுகள் பதித்து நான்கு மாதம் ஆகிறது. இனி அவற்றின் மேல் நிரந்தரப் பல்வரிசை வர வேண்டும்.

முன்பெல்லாம் மாவு போன்ற ஒன்றை வாயில் அப்பி, குமட்டக் குமட்ட அச்செடுப்பார்கள். இப்போது ஒரு சிறு கேமராவை உள்ளே ஓட்டுகிறார்கள். சில நிமிடங்களில் என் வெற்று ஈறு திரை முழுக்க நின்றது.

"அங்கிள், பல்லு இருந்தப்ப சிரிச்ச போட்டோ ஒன்னு வேணும்லா. அதப் பாத்துத்தான் புதுப் பல்லு வரைவோம்," என்றாள் நர்ஸ்.

கைப்பேசியில் தேடினேன். எல்லாப் படத்திலும் வாயை இறுக்கி மூடியிருக்கிறேன்.

"கல்யாண ஆல்பத்துல?"

கூட வந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "அதுலயும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரிதான் நிப்பாரு. பல்லு தெரியிறது ஒரே படம். தோட்டத்துல பந்து வெளையாடி ஜெயிச்சப்ப இவரு தம்பியோட எடுத்தது. அது தம்பிகிட்ட இருக்கு."

அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது நட்டஈடாக அவருக்குக் கிடைத்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட தம்பி. பதினேழு வருடமாகப் பேச்சில்லை.

"இல்லாட்டி பரவால்ல அங்கிள். கம்ப்யூட்டர்ல இருக்கிற பல்லு ஒன்னு போட்டுரலாம்."

சாகும்வரை யாருடைய பல்லையோ காட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தம்பி, நீ என் முகநூல் பக்கத்தை எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும். படத்தை அனுப்பு. உன் பாதியை வெட்டிவிட்டு அனுப்பினாலும் சரி.