பூட்டிய வீட்டுக்கு எண் ஏழு

பூட்டிக் கிடந்த வீடுகளுக்குப் பதிலாகப் பக்கத்து வீடுகளில் கேட்டு எழுதிக்கொண்டு, கேட்க வேண்டிய எல்லா வீட்டிலும் கேட்டதாக அறிக்கை கொடுத்தேன். நான் செய்த தவறு இதுதான். மற்றவர்களுக்கு இது ஒரு தவறாகவே படுவதில்லை. என் மகனிடம் சொன்னபோது, "இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றான். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றபின், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களால் பயன் இருந்ததா என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டேன். தையல் பயிற்சி கொடுத்தால், பயின்றவர்களில் எத்தனை பேர் இப்போது தைக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த மாதிரி வேலை. எல்லாரையும் கேட்க முடியாது. வீட்டுப் பட்டியலில் குலுக்கல் போட்டுச் சில வீடுகளை எடுப்போம். எடுத்தபின் அந்த வீட்டில்தான் கேட்க வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று முறை போக வேண்டும். மூன்றும் வேறு வேறு நேரமாக இருக்க வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் படிவத்தில் ஏழு என்று எண் போட்டு, அதை அறிக்கையிலும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. வீட்டில் இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே மாதிரியான ஆட்கள் இல்லை என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன்.

துறைமுகத்துக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி ஒரு குடியிருப்பு. ஓர் அறக்கட்டளை அங்கே வாரம் ஒரு முறை கண் மருத்துவ வண்டி அனுப்பிவந்தது. உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உப்பு வாரும்போது தண்ணீர் தெறித்துக் கருவிழி புண்ணாகும். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்காகத்தான் அந்த வண்டி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போகும். திட்டம் உரியவர்களைப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

நானும் பத்து மணிக்குத்தான் போனேன். கேட்டு எழுத என்னோடு மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு தையல் ஆசிரியை. முதல் தெருவிலேயே பத்துக்கு நாலு வீடு பூட்டு.

"சாயங்காலம் திரும்ப வருவோமா சார்?" என்று ஆசிரியை கேட்டார்.

வெயில் கடுமையாக இருந்தது. ஒரு மணிக்குக் கார் திரும்ப வேண்டும். "பக்கத்து வீட்டுல கேட்டுருங்க" என்றேன்.

அவ்வளவுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்லும்போது மனம் உறுத்தியதாகவும் ஞாபகம் இல்லை.

படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. 'மிகவும் திருப்தி' முதல் கட்டம், 'மிகவும் அதிருப்தி' கடைசி. எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் பதில் சொல்வதில்லை. வண்டி எப்படி என்று கேட்டால் "பரவாயில்ல" என்றார்கள்.

"பரவாயில்லன்னா எந்தக் கட்டம் சார்?" என்றார் ஆசிரியை.

"ரெண்டாவது. திருப்தி."

"எங்க வீட்டுக்காரரு என் குழம்புக்கு அதைத்தான் சொல்லுதாரு. அது நாலாவது கட்டம் சார்."

எல்லாரும் சிரித்தோம். இரண்டாவதே இருக்கட்டும் என்றேன்.

இரண்டாம் நாள் எங்களைத் திரும்பக் கூட்டிப்போகக் கார் வரத் தாமதமாயிற்று. டீக்கடை நிழலில் காத்திருந்தோம். இரண்டரை மணி வாக்கில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அளத்துப் பெண்கள் இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, காலில் உப்பு. விடிவதற்கு முன்னால் போனவர்கள். அவர்களில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், நேராக என்னிடம் வந்தாள். இடது கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கண்ணு வண்டிக்கு எழுதுத ஆளு நீங்கதானா? எங்க வீட்டுக்கு வந்தீயளாமே?"

"வந்தோம்மா. பூட்டியிருந்துச்சு."

"பின்ன? வண்டிக்காரன் பத்து மணிக்கு வாரான். நாங்க அந்நேரம் எங்கன இருப்போம்? பூட்டுக்கா கண்ணாடி மாட்டுவான்?"

பின்னால் நின்றவள் விடவில்லை. "ஏளா, உன் ஆடு வீட்டுலதான நிக்கி? அதுக்குப் பாத்துருப்பான்."

லாரியடியில் ஒரே சிரிப்பு. இவள் சிரிக்கவில்லை. "ஒரு நா போகலேன்னா கங்காணி மறுநா வேற ஆளை நிறுத்திருவான். ஒரு வரி எழுதுங்க அண்ணாச்சி. மூணு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. இல்ல, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரட்டும். இந்தக் கண்ணு பத்து நாளா உறுத்திக்கிட்டே கெடக்கு."

"எழுதுதேம்மா" என்றேன்.

அவள் கண் முன்னாலேயே குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். அறிக்கையில் எழுதவில்லை. அவள் வீட்டுக்குப் பதில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வீட்டில் முந்தின நாளே கேட்டாகிவிட்டது. அவரும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருந்தார். அவளுடைய வார்த்தையைச் சேர்த்தால் பூட்டிய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். வண்டி அனேகமாக எல்லாரையும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலோர் திருப்தி என்று முடித்தேன். அறிக்கை தெளிவாக இருப்பதாகப் பாராட்டினார்கள். அடுத்த வேலைக்கும் கூப்பிட்டார்கள், போனேன்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த மறுவாரம், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கருவிழி முழுக்க வெள்ளையாக இருந்தது.

"கண்ணு வண்டிக்கு எழுதுன அண்ணாச்சில்லா?"

"ஆமாம்மா" என்றேன். கண்ணுக்கு என்ன என்று கேட்டேன்.

"பூ விழுந்துட்டு. முந்தியே வந்துருந்தா காப்பாத்திருக்கலாமாம். இப்ப இந்தக் கண்ணையாவது பாத்துக்கிடணும்லா, அதான் வந்தேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு கேட்டாள். "அன்னைக்கு எழுதுனீயளா?"

"எழுதுனேம்மா. அவங்கதான் கேக்கல."

இது இரண்டாவது தவறு. முதலாவதைப் பழக்கத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நல்ல பார்வை என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அவள் சொன்னது என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எத்தனை வீடுகளை மாற்றினேன், எந்தெந்த வீடுகள், ஏன் மறைத்தேன் என்று எல்லாம் எழுதி நேரில் கொண்டுபோனேன். அலுவலகத்தில் இருந்தவர் புதியவர், மரியாதையானவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சார், அந்த வண்டி இப்ப அங்க போறதில்லையே. அங்க எல்லாருக்கும் சேர்ந்தாச்சுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அதை வச்சுத்தான் வேற பக்கம் மாத்துனாங்க."

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

அதன்பின், அன்று பூட்டியிருந்த வீடுகளுக்கெல்லாம் புதுப் படிவத்தில் ஏழு என்று போட்டு எடுத்துக்கொண்டு, அந்த வீடுகளுக்கு மட்டும் போனேன். தனியாக, பஸ்ஸில், மூன்று மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். கதவைத் திறந்தவர்கள் அனேகமாக எல்லாரும் அளத்துக்குப் போகிறவர்கள். அந்த வண்டியில் ஏறியவர்கள் இரண்டு பேர்தான். "வண்டியப் பாத்ததில்ல அண்ணாச்சி, டயர்த் தடம் பாத்துருக்கோம்" என்றாள் ஒருத்தி. எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு, எனக்கு அறுவை செய்த டாக்டரிடம் போனேன். இரண்டு மாதம் அலைந்தபின், மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் கண் பார்க்க ஆள் அனுப்ப ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொண்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. அது ஒரு ஞாயிறு. அடுத்த வாரம் மூன்றரை மணிக்குப் போனேன். அப்போதும் பூட்டு. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க முடியாது என்று கங்காணி நிறுத்திவிட்டதாகவும், இப்போது அவள் கருவாடு காயப்போடும் இடத்துக்குப் போவதாகவும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். எந்த நேரம் வருவாள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. வாசலில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, நல்ல கண்ணால் பார்த்தாள்.

"அம்மா, நீ சொன்னதை அன்னைக்கு நான் அறிக்கையில எழுதல. அவங்க கேக்கலேன்னு ஆஸ்பத்திரியில சொன்னதும் பொய்" என்றேன்.

ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள். "பரவாயில்ல அண்ணாச்சி" என்றாள்.

மேலே ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் முறத்தைத் தட்டினாள்.

"ஆறு மணி பஸ்ஸ விட்டா எட்டுக்குத்தான். போங்க."

பஸ்ஸில் அவள் வீட்டுப் படிவத்தை எடுத்தேன். அதில் போட்டிருந்த ஏழு என்ற எண்ணை அடித்தேன். ஐந்து கட்டங்களையும் காலியாக விட்டு, அவள் சொன்ன சொல்லை ஓரத்தில் எழுதி வைத்தேன். ஞாயிறு முகாம் தொடங்கி இப்போது ஏழெட்டு மாதம் ஆகிறது. அவள் தெருவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். நான்தான் பெயர் எழுதி உள்ளே அனுப்புகிறேன். அவள் இதுவரை வரவில்லை.