குதிகாலைக் காட்டப் போன அன்று

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பெரிய நோய் ஒன்றுமில்லை. இரண்டு குதிகால்களுக்கும் சற்று மேலே, பின்பக்கம், தடித்துப்போயிருந்தது. வலி கிடையாது, சப்பாத்து உரசும், அவ்வளவுதான். கொஞ்சம் பெரிய சப்பாத்து வாங்கினால் சரியாகிவிடும் என்று ரொம்பக் காலம் ஓட்டிவிட்டேன். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அன்று போனேன்.

அங்கே இருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். எனக்குக் கூச்சம், காலுறையில் ஓட்டை வேறு. அதைப் பார்த்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. தடிப்பை விரலால் அழுத்தினார். பிறகு என் கைவிரல் முட்டிகளைப் பார்த்தார், கண்களைப் பார்த்தார். "அங்கிள், உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே நெஞ்சு வலியில இறந்திருக்காங்களா?" என்று மலாயில் கேட்டார்.

குதிகாலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை. ஆனால் உடனே தம்பியின் ஞாபகம் வந்தது. அவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், ஒரு காலை, கடையைத் திறந்தவன் அப்படியே வாசலில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. சிகரெட்டால் வந்தது, கடைக் கவலையால் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அப்பாவும் தோட்டத்தில் வேலை செய்தபோது இள வயதிலேயே போனவர்தான். அவருக்குக் காத்து அடைத்துவிட்டது என்றார்கள். இந்த இரண்டு சாவையும் சேர்த்துப் பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காலில் இருப்பது வீக்கம் அல்ல, கொழுப்புப் படிவமாக இருக்கலாம். சில குடும்பங்களில் கொலஸ்ட்ரால் பிறவியிலேயே அதிகம். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. எனக்கு மாத்திரை எழுதிக்கொண்டே, "பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் எனக்கு என் குதிகால் மறந்துபோனது.

எனக்கு ஒரே மகன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூங்கில் மாதிரி ஒல்லி, வாரம் தவறாமல் ஃபுட்சால் பந்தாட்டம் ஆடுவான். கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். அவனுக்கும் அதிகம் என்று வந்தது. மாத்திரையைக் கொடுத்தார்கள். அவனோ பத்துமலையில் காவடி எடுக்க விரதம் தொடங்கியிருந்தான். மாலைப் பூசை முடிந்து ஒரு வேளை மட்டும் சைவச் சாப்பாடு.

"கறி இல்ல, முட்டை இல்ல, எண்ணெய் பலகாரம் இல்ல. கொலஸ்ட்ரால் தானா இறங்கிரும்பா. பூசம் முடியட்டும்லா" என்றான். மாத்திரை பிரிக்கப்படாமல் மேசையிலேயே கிடந்தது. எனக்கும் பாதி மனசு அவன் சொல்வதை நம்பியது. மீதி மனசு, அவன் மாடிப்படி ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தது. என் தம்பியும் காவடி எடுத்தவன்தான்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் இதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "புவாசா நோன்பு மாசத்துல என் பேஷண்ட்டுங்க பாதிப் பேர் இப்படித்தான். விரதத்துலயே வரச் சொல்லுங்க, இன்னொரு தடவை இரத்தம் எடுப்போம். அவரே பார்க்கட்டும்."

சில வாரச் சைவச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த பரிசோதனை அது. அளவு கொஞ்சமே கொஞ்சம் இறங்கியிருந்தது. மகன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது உங்க தட்டுல இருந்து வரல. இரத்தத்துல வந்தது. விரதம் நல்லது, விடாதீங்க. எங்க அம்மா நோன்பு திறந்த பிறகு மாத்திரை போடுவாங்க. நீங்க பூசை முடிஞ்சு சாப்பிடுறப்போ போடுங்க. உங்க சாமி கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அவன் சிரித்துவிட்டான். காவடி எடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர் இதயத்துக்கான பரிசோதனையையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

திரும்பும்போது கிள்ளான் பாலத்தில் நெரிசல். வண்டி நகரவில்லை. "சித்தப்பாவ யாரும் இப்படிக் கேக்கலையாப்பா?" என்றான்.

"கேக்கலய்யா. அவனும் கிளினிக் பக்கம் போகல" என்றேன். கூடவே, நான் சொல்லக் கூடாது என்று அடக்கி வைத்திருந்ததும் வாயில் வந்துவிட்டது. "எங்கிட்டேருந்துதான்யா உனக்கு வந்திருக்கு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இந்த மூக்கும்தான் உங்ககிட்டேருந்து வந்துச்சு. அதையாவது மாத்திரை போட்டுக் கொறைக்க முடியுமா, சொல்லுங்க." நான் சிரிக்கத்தான் நினைத்தேன். முன்னால் நின்ற லோரியின் சிவப்பு விளக்கு கண்ணுக்குள் கலங்கித் தெரிந்தது.

அவன் காவடி எடுத்தான். படியேறி முடிக்கும் வரை நான் பின்னாலேயே போனேன். முருகனிடம் என்ன வேண்டினேன் என்று எனக்கே நினைவில்லை, அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவனுக்கு அளவு நன்றாகவே இறங்கியிருக்கிறது, எனக்கும்தான். தம்பியின் மகளையும் அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். அவளுக்கு இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டு அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இன்னும் தினமும் சாமி விளக்கை ஏற்றிய பிறகு, நானும் மகனும் ஒரே செம்புத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். என் காலுறையைக் கழற்ற வைத்துப் பார்த்த ஒருவர், என் வீட்டில் செத்தவனைப் பற்றிக் கேட்டதால்தான் இருப்பவன் என் எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த ஒரு நிமிடத்தில் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.