வெலிச்கா ஸ்கீ கட்டிய குளிர்காலம்

ரொடோப்பி மலையில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பான்ஸ்கோ என்ற பெரிய பனிச்சறுக்கு நகரில் விலை கேட்டு மலைத்துப்போனவர்கள். அங்கே இரண்டு நாளில் கரையும் பணத்துக்கு இங்கே ஒரு வாரம் தங்கிச் சறுக்கலாம், மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடலாம். இருப்பது ஒரே சரிவு. பக்கத்தில் பழகுகிறவர்களுக்கென்று ஒரு சின்ன மேடு. ஆட்களை மேலே இழுத்துப்போக ஒரு கம்பிவடம். அந்த வடத்தின் அடியில், தகரக் கொட்டகையில், விசையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள்தான் வெலிச்கா.

இதே ஊரில் பிறந்தவள் என்றாலும் அவள் காலில் பனியில் சறுக்கும் ஸ்கீ பலகை ஏறியதே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஜோடி. அது அண்ணன்மார் இருவருக்கு மாறி மாறிப் போனது. "பொம்பளைப் புள்ள கால ஒடிச்சிக்கிட்டா எவன் கட்டுவான்?" என்பது அப்பாவின் கேள்வி. அண்ணன்மார் வளர்ந்ததும் ஒருவன் ஸ்பெயினுக்கும் ஒருவன் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். வெலிச்கா மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் மெத்தோதியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களைப் பெற்று, தலைநகர் சோபியாவுக்கு அனுப்பிவைத்தாள். மற்ற நேரமெல்லாம் கொட்டகைதான். விழுந்தவர்களைக் கண்டால் விசையை நிறுத்துவாள், ஓடிப்போய்த் தூக்கி நிறுத்துவாள், திரும்பி வந்து உட்காருவாள்.

ஊரில் கற்றுக்கொடுக்க இருந்தவன் ஸ்பாஸ் ஒருவன்தான். அவனும் ஒரு ஜனவரியில் நல்ல சம்பளம் என்று ஆஸ்திரியாவுக்குக் கிளம்பிவிட்டான். அவன் போன மறுநாளே தொப்ரிச் பக்கத்துச் சமவெளியிலிருந்து ஒரு பேருந்து வந்து நின்றது. உள்ளே ரொட்டி ஆலைப் பெண்கள். ஒருத்திகூட மலையில் கால் வைத்தவள் இல்லை. பயிற்சியும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தார்கள்.

விடுதி நடத்தும் க்ராசிமிர் கொட்டகைக்கு ஓடி வந்தான். "அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். ஒரு வாரம் இவங்களப் பாத்துக்குங்க."

"எனக்கே தெரியாதேடா!"

"இத்தன வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

"கல்யாணத்தப் பாத்தவனெல்லாம் மாப்பிள்ளையா?"

ஆனாலும் போனாள். விசையில் க்ராசிமிரையே உட்கார வைத்தாள். முதல் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு மேட்டில் நின்று, முட்டியை மடக்கு, பின்னால் சாயாதே, ஸ்கீ இரண்டின் முன்நுனியையும் ஒட்டி வை என்று கத்தினாள். பெண்கள் புரண்டு புரண்டு விழுந்தார்கள்.

அவர்களில் பெனா என்று ஒருத்தி. மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிற உடம்பு. இரண்டாம் நாள் காலை அவள் பனியில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டாள்.

"வாயால சுட்ட ரொட்டி வயித்துக்கு ஆகாதும்மா. நீ ஒருவாட்டி போட்டுக் காட்டு. அப்புறம் எந்திரிக்கிறேன்."

"எனக்கு வராது" என்றாள் வெலிச்கா. "ஒரு நாளும் கட்டினதில்ல."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். பெனா தன் காலிலிருந்து ஸ்கீயையும் பூட்ஸையும் கழற்றி அவள் முன்னால் போட்டாள். "சரி, அப்ப நீயும் விழு."

கட்டிக்கொண்டாள். பாதி மேடு வரை நேராக வந்தாள். அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட அவள் காலுக்கு எட்டவில்லை. வேலி வலையில் போய்ச் சுருண்டு விழுந்தாள். தொப்பி ஒரு பக்கம், கைத்தடி ஒரு பக்கம். பெண்கள் சிரித்த சிரிப்பில் க்ராசிமிர் வடத்தையே நிறுத்திவிட்டான். வலைக்குள் கிடந்த வெலிச்காவுக்கு வெட்கம் வரவில்லை. இறங்கிய அந்தச் சில நொடிகளில் காதோரம் காற்று அடித்ததே, அது மறுபடி வேண்டும் என்றிருந்தது. எழுந்து மேலே நடந்தாள்.

அந்த வாரம் எல்லோரும் சேர்ந்து விழுந்தார்கள். சாயங்காலம் உருளைக்கிழங்கு அடையும் ரக்கியா என்ற பழச்சாராயமும் வைத்துக்கொண்டு காயங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புறப்படும் நாளில் பெனாவும் அவளும் பெரிய சரிவின் கீழ்ப்பாதியில் விழாமல் இறங்கி வந்தார்கள். அழகாக இல்லை, ஆனால் நின்றபடியே வந்தார்கள்.

க்ராசிமிர் வேறு ஆள் தேடினான். இந்தச் சம்பளத்துக்கு யாரும் வரவில்லை. வெலிச்கா விடிகாலையில், விருந்தாளிகள் எழுமுன், தனியாகப் பழகினாள். அடுத்த ஆண்டு பயிற்சியாளர் தேர்வுக்குப் போய்த் தோற்றாள். அதற்கடுத்த ஆண்டு தேறினாள். தேர்வில் அவளைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவள் மகள்களின் வயது.

ஸ்பெயினிலிருந்து பெரியண்ணன் ஒரு புத்தாண்டுக்கு வந்து பார்த்தான். "அப்பா இருந்திருந்தா வையோ வைன்னு வஞ்சிருப்பாரு" என்றான்.

"வையட்டும். இங்க இறங்குற காத்துல காதுல விழவா போகுது?"

இப்போது பயந்தவர்களை மட்டும் அவளிடம் அனுப்புகிறார்கள். தைரியசாலிகளுக்கு வேறொரு பையன் இருக்கிறான். ரொட்டி ஆலைக்காரிகள் பிப்ரவரிதோறும் வருகிறார்கள். மெத்தோதி மட்டும் இன்றுவரை ஸ்கீ கட்டச் சம்மதிக்கவில்லை. ஏன் என்று பெனா கேட்டதற்கு அவன் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னான்:

"வீட்ல ஒருத்தராவது எலும்பு முழுசா இருக்கணும்ல?"