சித்தி வாயடைத்துப்போன மத்தியானம்

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. கத்தரி ஒரு பக்கம் ஓடினால் கதை ஒரு பக்கம் ஓடும். யாராவது சீண்டினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கணவன் போன பிறகு தனி ஆளாகக் கடை நடத்தியது அந்த வாயை வைத்துத்தான்.

ஒரு மத்தியானம் அவளுடைய அக்கா மகள் பள்ளிச் சீருடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சித்தி, முடியை ஒட்ட வெட்டிடு."

சுருள்சுருளாகப் பொங்கி நிற்கும் முடி. குழந்தையிலிருந்தே அதற்குச் சிக்கெடுத்துவிடுபவள் சித்திதான்.

"என்னடி திடீர்னு? ஸ்கூல் இல்லையா?"

"வயித்து வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. போனை நீட்டினாள். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப். பஸ்ஸில் அவள் தூங்கும்போது யாரோ எடுத்த படத்தில், தலைக்கு மேல் ஒரு கைப்பிடி வரைந்து துடைப்பமாக்கியிருந்தார்கள். 'இன்னைக்கு கிளாஸ் கூட்டியாச்சா?' என்று கீழே ஒருவன். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று அவளுடைய உயிர்த்தோழி போட்டது.

சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, குரூப்பில் குரல் பதிவாகவே பதில் அனுப்பினாள். "எவன்டா அது? நேர்ல வாடா, உன் தலையை வழிச்சு அனுப்புறேன்!"

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலையே வெட்டி ஒட்டி, பின்னால் மேளம் சேர்த்து, பாட்டாக்கி அனுப்பினார்கள்.

"ஏன் சித்தி இப்படிப் பண்ணே? பதில் போட்டா அதுதானே அவங்களுக்குத் தீனி!"

சித்தி வாயடைத்துப்போனாள். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொதப்பிட்டேன்டா செல்லம். இனி நீ சொல்லு. நான் வாயே திறக்கல."

உண்மையாகவே திறக்கவில்லை. பிள்ளை விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு யாரையும் அடிக்க வேண்டாம். அந்தப் படம் போக வேண்டும். அம்மா போனைப் பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான். இருவருமாக எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, குரூப்பின் சத்தத்தை அணைத்தார்கள். முடியை வெட்டும் பேச்சு அப்படியே நின்றுபோனது.

சாயங்காலம் அக்காவிடம் சித்தி சொன்னாள்: "போனைப் பிடுங்காதேக்கா. பிடுங்கினா அடுத்த தடவை நம்மகிட்ட சொல்லவே மாட்டா."

மறுநாள் மூவரும் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். வகுப்பில் வைத்து யாரையும் திட்டவில்லை. படம் செய்த பையன்களை அவர்கள் பெற்றோரோடு தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். படமும் பாட்டும் குரூப்பிலிருந்து போயின. ஆனாலும் ஓரிருவர் படிக்கட்டில் 'துடைப்பம்' என்று முணுமுணுப்பது உடனே நிற்கவில்லை. அப்படி நடந்த நாட்களில் பிள்ளை நேராகக் கடைக்கு வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கடையில் இருந்தபோது அந்தத் தோழி பார்லர் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலைன்னா அடுத்தது என் படம்தானோன்னு பயமா இருந்துச்சு. ஸாரிடி."

சித்தியின் நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வரை வந்தாள். "எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள். "ஆனா உள்ளே வா. வெயில்ல நிக்காதே."