தோள் பழமும் வால் பழமும்

என் வீட்டுக்காரர் வெண்டெலின் கழுத்தில் அறுவடை முடியும்வரை ஒரு சின்னக் குழல் தொங்கும். அதன் கண்ணாடியில் திராட்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு வெயிலில் பார்த்தால், சர்க்கரை எவ்வளவு என்று உள்ளே எண் தெரியும். இந்தத் தொக்காய் மலைச்சரிவில் திராட்சை வளர்க்கும் எல்லோரிடமும் அது உண்டு. அதை வைத்து அடுத்தவன் கொடியை அளக்கிறவர் இவர் ஒருத்தர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தோட்டத்துக் கெலெமென் கோவிலுக்குப் போனதும் இவர் வேலி தாண்டினார். வயிறெரிந்து திரும்பினார்.

"அவனுக்கு இருபத்திரண்டுடி! நமக்குப் பத்தொம்பதுதான். ஒரே மலை, ஒரே மழை. அவனுக்கு மட்டும் எப்படி?"

"நம்ம குலையில எங்க கிள்ளுனீங்க?"

"அடியில."

"அவன் குலையில?"

குழலைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போய் இரண்டு கிண்ணத்தில் சாறு பிழிந்து வந்தேன். அளந்தார். ஒன்று பத்தொன்பது, மற்றது இருபத்திரண்டு.

"இதுதான் அந்தத் திருட்டுப்பயலோடது!" என்று இரண்டாவதைக் காட்டினார்.

"ரெண்டும் நம்மளது, ஒரே குலை. இது மேல வெயில் படுற தோள் பழம், அது அடியில இருக்குற வால் பழம். அடுத்தவன் தோட்டத்துல மட்டும் உங்க கை தோளுக்குத்தான் போகும்."

இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏண்டி, நான் அங்க கிள்ளுனது வால் பழமா இருந்தா? அப்ப அவன் தோள் பழம் இருபத்தஞ்சுடி!"

குழலோடு மறுபடி வேலிப் பக்கம் ஓடினார்.