ஆட்கள் இல்லாத இடம்

யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதர் சித்திரை வெயிலில் சுவெற்றரைத் தேடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் வெளிநாட்டுக்குப் போகப்போகிறார். இங்கே சுவெற்றருக்கு வேறு வேலை கிடையாது. என் கணவர் கோப்பாயில் தோட்டக்காரர்களுடைய தண்ணீர் மோட்டர்களைத் திருத்துகிறவர். சட்டையே பாரம் என்று வெறும் மேலோடு திரிகிற ஆள். அவர் ஒருநாள் காலை அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இஞ்சரும், என்ரை அந்த நீலச் சுவெற்றர் எங்கை?" என்று கேட்டார்.

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா ஒருவரும் சுவெற்றர் தேடுவதில்லை. அந்தச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டுதான் அவர் முன்பு ஒருமுறை சுவிஸுக்குப் போனார். மகள் பிறந்து நாற்பதாம் நாள். ஒரு வருடம் என்று சொல்லிப் போனவர், விசாவும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பி வர ஏழு வருடம் ஆயிற்று. வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து என் பிள்ளை, "அம்மா, ஒரு மாமா வந்து நிக்கிறார்" என்று கூப்பிட்டாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. இன்னொரு ஏழு வருடத்தை என்னால் தாங்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் பொலிஸ்காரி ஆனேன். இவர் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் நான் உடுப்பு வாளியோடு பின்னால் போனேன். வாழைமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ரெண்டு பேர்தான் ஐயா... ஆக்கள் இல்லாத இடம்தானே?... இல்லை, இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லேல்லை... கடைசித் துண்டு நடந்துதான் வரவேணுமோ? அது பரவாயில்லை."

களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன்தான் கடைசித் துண்டை நடத்திக் கூட்டிப்போவான் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காடு, எல்லை, இரவோடு இரவாகக் கடப்பது. சரி, இரண்டு பேர் என்றால் மற்ற ஆள் யார்? கூட்டாளியாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஒருத்தியாக இருக்கலாம். அந்த நினைப்பு வந்த பிறகு நான் தோய்த்த உடுப்பில் அழுக்குப் போகவே இல்லை.

இவருடைய தங்கை, என் மச்சாள், பக்கத்து வளவில் இருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் எறும்பு ஊர்ந்தாலும் அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் கறிவேப்பிலை ஆய வந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "மச்சாள், அண்ணை வேலியிலை பயணப்பையைக் காயப்போட்டிருக்கிறார். நீங்கள் எல்லாரும் போறியளோ? கிணத்தடிக் காணியை ஆரிட்டை விட்டிட்டுப் போறியள்?"

"எங்கை போறது? உங்கடை அண்ணையைத்தான் கேளுங்கோ" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளோ நான் ஒளிக்கிறேன் என்று நினைத்து முகத்தை வெட்டிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் பத்திரங்கள் வைக்கிற பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். எங்களுடைய விவாகப் பதிவுப் பத்திரத்தைக் காணவில்லை. காணி உறுதி இருந்தது, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருந்தது. அது மட்டும் இல்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எனக்கு வீடே எரிவதுபோல இருந்தது.

சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் முன்னால் சோற்றுக்குப் பதிலாகத் தகரத்தை வைத்தேன்.

"பதிவு எங்கை?"

அவர் கை ஈரத்தைச் சாரத்தில் துடைத்தார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். மலைச்சரிவு, தேயிலை, நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. குளிர் ஊரான பண்டாரவளைக்கு மேலே, இளைப்பாறிய ஒரு தோட்டத்து வாத்தியாருடைய வீடாம். நாங்கள் இரண்டு பேரும் போய்த் தங்குவதற்கு ஹோட்டல்காரர் கேட்பதில் கால்வாசிதான் கேட்கிறாராம். பஸ் போகாத பாதை, கடைசித் துண்டு நடை.

"பிள்ளையள் இல்லாமல் ரெண்டு பேர் வாறம் எண்டதும் அந்த மனுசன் நம்பேல்லை. பதிவை அனுப்பினால்தான் தருவாராம். கொப்பி அடிக்கக் கொண்டுபோய்க் கடையிலை மறந்து வைச்சிட்டு வந்திட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாத்தியாரில் என்ன பிழை? எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் வான் பிடிக்க வேண்டும். வானுக்குள் பதினான்கு பேர், ஒரு பானை புளிச்சாதம், சத்தி எடுக்க ஒரு கட்டு பை. புருஷனும் பெண்சாதியும் தனியாகப் போகிற ஒரே இடம் ஆஸ்பத்திரி. இந்த வயதில் எங்கள் இரண்டு பேரையும் ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார் என்பதே எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சோற்றைப் போட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். வெள்ளி இரவு கண்டி பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சமையலுக்கு அடுப்பு இருக்கிறது. அரிசிமாவும் மிளகாய்த்தூளும் இங்கிருந்தே கொண்டுபோகலாம். பிள்ளை மச்சாளோடு நிற்பாள். மச்சாளுக்கு டொக்டரிடம் போகிறோம் என்று சொல்லலாம். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அதுதான் எனக்கு இடித்தது. மோட்டர் திருத்தப் போகும்போது திருப்புளியைக்கூட வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மனிதர் இவர்.

"இவ்வளவு வருசம் இல்லாமல் ஏன் இப்ப?"

அவர் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"கூட்டாளி ஒருத்தன் கனடாவுக்கு வழி இருக்கெண்டு சொல்லுறான். மாசக் கடைசிக்குள்ளை முடிவு சொல்லவேணும். அங்கை கூட்டிக்கொண்டு போய் உம்மட்டைக் கேப்பம் எண்டு..."

"அதை இஞ்சை கேட்டால் என்ன?"

"இஞ்சை எண்டால் நீர் கத்துவீர். தங்கச்சிக்குக் கேக்கும்."

ஆட்கள் இல்லாத இடம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நான் கத்தவில்லை.

"போங்கோ. ஆனால் பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்ல மாட்டன்."

அவர் எழும்பிக் கையைக் கழுவினார். கனநேரம் கழுவினார். பிறகு முற்றத்தில் நின்று போனில், "மச்சான், நான் வரேல்லை. வேறை ஆளைப் பார்" என்றார்.

நான் நம்பவில்லை. போனை வாங்கி யாருக்கு எடுத்தார் என்று பார்த்தேன். அந்தக் கூட்டாளிதான்.

"அப்ப அந்த வாத்தியாருக்கும் வேண்டாம் எண்டு சொல்லிவிடட்டோ?" என்று தயங்கிக் கேட்டார். "இனிக் கத்துறதுக்குத்தான் ஒண்டும் இல்லையே."

"போன அந்த ஏழு வருசத்துக்கு நான் இன்னும் கத்தேல்லை" என்றேன். "பஸ்ஸிலை ரெண்டு சீற் பதியுங்கோ."